ஓவர்சியர் பாயும் பெட்ரோல் குடித்த ஜீப்பும்

சிதம்பரம் பஸ் நிலையத்தில் காட்டுமன்னார்கோயில் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து நின்ற பஸ்ஸின் கண்டக்டர் என்னை அடையாளம் கண்டு, படியில் நின்றபடியே சொன்னார். “அம்மா, உங்க ஓவர்சியர் பாய் காலையில மௌத்தாயிட்டாரும்மா.”

நான் உடனே அழவில்லை. எந்த ஓவர்சியர், யார் சொன்னது, நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மையத்தைத் தூக்கும் சந்தூக்குப் பெட்டியைப் பள்ளிவாசலிலிருந்து அவர் வீட்டுக்குத் தூக்கிப்போனதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் எனக்குக் கண் கலங்கியது. கமாலுத்தீன் பாயோடு வேலை பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. அவருடைய மரணத்தைக்கூட விசாரிக்காமல் நம்பக்கூடாது என்றுதான் அவர் எங்களைப் பழக்கி வைத்திருந்தார்.

நான் அப்போது ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் முக்கிய சேவிகா. ஊர் ஊராகப் போய் மாதர் சங்கங்களைப் பார்ப்பது என் வேலை. ஒன்றியத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கமால் பாய் அங்கே ஓவர்சியர். ரோடு, கிணறு, பள்ளிக்கூடக் கட்டடம் எல்லாம் அவர் பொறுப்பு. ஆபீஸ் ஜீப்பைப் பழுது பார்த்து வைப்பதும் அவர் தலையில்தான் விழுந்திருந்தது. ஆனால் அந்த ஜீப்பில் அவர் ஏறவே மாட்டார். ரோடு வேலையைப் பார்க்க சைக்கிளில்தான் போவார். “ஜீப் சத்தம் ஊருக்கு வெளியிலயே கேட்டுரும் சேவிகாம்மா. காண்ட்ராக்டரு அதுக்குள்ள மண்ணைப் போட்டு மூடிருவான். சைக்கிள் போற சத்தம் யாருக்குக் கேக்குது?” என்பார்.

அவர் சந்தேகப்படாத பொருள் உலகத்தில் இல்லை. டீக்கடையில் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். சிமெண்டு மூட்டையைக் கையால் தூக்கிப் பார்க்காமல் இறக்க விடமாட்டார். ஒரு முறை அவருடைய மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடம், பையனுடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லிச் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்கச் சொன்னார். பையன் படித்துவிட்டான். கல்யாணமும் நடந்தது. ஆனாலும் காலண்டரை முன்பே மனப்பாடம் செய்துவிட்டு வந்திருப்பானோ என்று என்னிடம் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். “நம்பிக்கைய வீட்டுல வச்சிட்டு வாங்க. ஆபீசுக்கு எடுத்தாராதீங்க” என்பது அவர் அடிக்கடி சொன்னது. வீட்டிலும் அவர் அதை எங்கே வைத்திருந்தார் என்று அவர் மனைவிக்கே தெரியாது.

ஜீப் விவகாரம் புது ஆணையர் வந்த பிறகு தொடங்கியது. அதுவரை ஒழுங்காக ஓடிய வண்டி திடீரென்று பெட்ரோலைக் குடிக்க ஆரம்பித்தது. கடலூரில் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் முன்பெல்லாம் கடற்கரைக் கிராமங்களைச் சுற்றிவிட்டு மறுநாளும் ஓடும். இப்போது சிதம்பரம் தாண்டுவதற்குள் முள் கீழே வந்துவிடும். ஆபீஸ் முழுவதும் ஒரே பேச்சு. எல்லோருடைய விரலும் டிரைவர் ரத்தினத்தின் பக்கம் நீண்டது.

ரத்தினத்துக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இரண்டு பெண் குழந்தைகள். யாராவது ஏதாவது கேட்டால் தரையைப் பார்த்துத்தான் பதில் சொல்வான். அந்தப் பார்வையே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. ஆணையர் கமால் பாயைக் கூப்பிட்டு, டிரைவர் பெட்ரோலைத் திருடி விற்கிறான் என்று அறிக்கை எழுதிக் கொடுங்கள், அவனைப் போலீஸில் ஒப்படைத்துவிடலாம் என்றார். போலீஸுக்குப் போனால் வேலை மட்டுமல்ல, லைசென்சும் போகும். பிறகு அவன் குடும்பம் எதை வைத்துச் சாப்பிடும்?

பாய் ஆணையரிடம் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “பார்த்துட்டு எழுதறேன் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். வந்தவுடன் ஆபீஸையே ஒரு கலக்குக் கலக்கினார். டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பு பெல்ட்டில் கட்டிக்கொண்டார். ரத்தினத்தின் கையை மோந்து பார்த்தார். வாட்ச்மேன் கையையும் மோந்து பார்த்தார். பங்க்கில் பெட்ரோல் அடிக்கிறவனைச் சந்தேகப்பட்டு, தானே குழாய்ப் பக்கத்தில் போய் நின்றார். கடைசியில் என்னிடமும் வந்தார்.

“மாதர் சங்கத்துல ஸ்டவ் பத்த வச்சுக் காட்டுறீங்களே, அது மண்ணெண்ணெய்லயா எரியுது?”

“பின்ன எதுல பாய் எரியும்?”

“இல்ல, கேட்டு வச்சுக்கறேன். கோவிச்சுக்காதீங்க.”

கோபம் வரத்தான் வந்தது. இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஆபீஸில் மற்றவர்கள் ஒரே ஒருவனைச் சந்தேகப்பட்டார்கள். பாய் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. அந்த வாரம் ரத்தினம் கொஞ்சமாவது நிமிர்ந்து நடந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பூட்டுப் போட்ட பிறகும் பெட்ரோல் போய்க்கொண்டே இருந்தது. ஆணையர், அவனிடம் கள்ளச்சாவி இருக்கும் என்றார். பாய் அதையும் மறுக்கவில்லை. அடுத்த கேம்ப்புக்குத் தானும் ஜீப்பில் வருவதாகச் சொன்னார்.

இங்கே எங்கள் ஜீப்பில் யார் எங்கே உட்காருவது என்பதைச் சொல்ல வேண்டும். தேர்தலில் ஜெயித்து வந்த சேர்மன் முன்னால்தான் உட்காருவார். புது ஆணையரும் வந்த நாளிலிருந்து முன்னால்தான் உட்காருவார். தான் மக்கள் பிரதிநிதி என்று சேர்மனுக்கு நினைப்பு. தானே சர்க்கார் என்று ஆணையருக்கு நினைப்பு. பின்சீட்டுக்குப் போக இருவருமே சம்மதிக்கவில்லை. அதனால் முன்னால் இருந்த இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு பலகை போட்டு மெத்தை வைத்தார்கள். ஊர் ஜனங்களுக்குக் கும்பிடு போட வசதியாக சேர்மன் ஓரத்தில் உட்கார்ந்தார். ஆணையர் நடுவில். பின்னால் நாங்கள், விதைமூட்டை, மருந்துப்பெட்டி.

அன்றைக்குக் கிள்ளைப் பக்கம் போனோம். வழியில் ஒரு நீளமான மணல்வெளி வந்தது. எல்லோரும் இறங்கி நடந்தோம். ரத்தினம் காலி ஜீப்பை மணலில் ஓட்டிக் கொண்டுபோனான். இப்படிப்பட்ட இடத்துக்கென்றே ஜீப்பில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டைக் கம்பிகள் உண்டு. ஒன்றைப் போட்டால் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். இன்னொன்றைப் போட்டால் வண்டி மெதுவாக, ஆனால் பலமாக இழுக்கும். ரத்தினம் இரண்டையும் போட்டுத்தான் மணலில் ஓட்டினான். மணல் முடிவதற்கு முன்பே சேர்மனுக்குக் கால் வலித்துவிட்டது. வண்டியை நிறுத்தச் சொல்லி ஏறிக்கொண்டார். ஆணையரும் ஏறினார். நாங்களும் ஏறினோம்.

தார் ரோடு வந்தது. வண்டி காது கிழியக் கத்தியது. ஆணையருக்கு அந்தச் சத்தம் வேகமாகத் தோன்றியது போலிருக்கிறது. மெதுவாப் போப்பா என்றுகூட ஒரு முறை சொன்னார். சேர்மன் இருபுறமும் நிதானமாகக் கும்பிடு போட்டுக்கொண்டு வந்தார். அப்போது சிதம்பரம் பக்கம் போகிற ஒரு தயிர்க்காரர், சைக்கிளில் இரண்டு பானைகளைக் கட்டிக்கொண்டு, மணி அடித்து எங்களைத் தாண்டிப் போனார். போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. பாய் சிரிக்கவில்லை. தயிர்க்காரர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முன்பக்கம் எட்டி, ஆணையரின் தோளுக்கு மேலாகக் கீழே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். “நிறுத்துடா ரத்தினம்” என்றார்.

வண்டி நின்றது. பாய் இறங்கி, சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, சேர்மனை இறங்கச் சொன்னார். அப்புறம் ஆணையரைப் பார்த்துச் சொன்னதை அங்கே இருந்த யாரும் மறந்திருக்க முடியாது. “சார், உங்க முட்டி ரெண்டையும் கொஞ்சம் ஒதுக்குங்க. பெட்ரோல் திருடன் அங்கதான் ஒக்காந்திருக்கான்.”

ஆணையரின் இரண்டு முட்டிக்கும் நடுவில், தொடைக்கு அடியில், அந்த இரண்டு குட்டைக் கம்பிகளும் மணலில் போட்டது போட்டபடியே இருந்தன. பெரிய கியர் கம்பி டிரைவர் பக்கம் சாய்ந்திருக்கும்; அதற்கு யாரையும் தொட வேண்டியதில்லை. இந்த இரண்டையும் எடுக்க வேண்டுமென்றால் ஆணையரின் கால்களுக்கு நடுவே கையை விட வேண்டும். ஐயா காலைத் தூக்குங்க என்று ஒரு தற்காலிக டிரைவர் எப்படிச் சொல்வான்? மணலைத் தாண்டும்போது போடுவான். ஆணையர் இறங்கும்போதுதான் எடுப்பான். நடுவில் தார் ரோடெல்லாம் ஜீப் சேற்றில் உழுகிற மாதிரி கத்திக்கொண்டு, பெட்ரோலைக் குடித்துக்கொண்டு போயிருக்கிறது.

பாய் கையை விட்டு இரண்டு கம்பிகளையும் தள்ளினார். மறுபடி கிளம்பியபோது வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. சிதம்பரம் எல்லைக்குள் அந்தத் தயிர்க்காரரைப் பிடித்துத் தாண்டினோம். சேர்மன் சிரித்துச் சிரித்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆணையர் முட்டிகளை ஒதுக்கியபடியே உட்கார்ந்து வந்தார். ரத்தினம் ஸ்டீரிங்கை இறுகப் பிடித்திருந்தான். அவன் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.

ரத்தினத்தின் வேலை தப்பியது. சேர்மன் விஷயத்தைப் பண்ருட்டிச் சந்தை வரைக்கும் பரப்பிவிட்டார். அதற்குமேல் அவனை எப்படி அனுப்புவது? ஆனால் கொஞ்ச நாளில் பாய்க்கு மாற்றல் வந்தது. வீட்டிலிருந்து போய்வர முடியாத தூரம். அவர் மனைவிக்கு அப்போது இழுப்பு ஜாஸ்தியாக இருந்தது. “இது சும்மா வந்த மாத்தல் இல்ல சேவிகாம்மா” என்றார். வழக்கம்போல எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறார் என்று ஆபீஸில் சிரித்தார்கள். அந்த ஒரு முறை அவர் சொன்னது முழுக்க உண்மை என்று நான் நம்புகிறேன். சிரித்தவர்களுக்கும் அது தெரியும்.

மாற்றலில் போனவர் உடம்பு கெட்டுத்தான் திரும்பி வந்தார்.

நான் பரங்கிப்பேட்டை போய்ச் சேர்ந்தபோது வீடு நிறைந்திருந்தது. அடக்கத்துக்குப் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. நான் உள்ளே அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் கொடுத்த மாத்திரையைக்கூட இது என்ன மாத்திரை என்று கேட்காமல் அவர் விழுங்கவில்லை என்றார். அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்தார்கள். அவர்களில் ரத்தினமும் இருந்தான். தலையில் கைக்குட்டையைக் கட்டியிருந்தான். கையில் மண் ஒட்டியிருந்தது. வாசலில் என்னைப் பார்த்ததும் ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டான்.

“அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் பெட்ரோல் எடுத்திருக்கேன்.”

யாராவது கேட்கிறார்களா என்று நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“பண்ருட்டியில எங்க மச்சானுக்கு ஒரு இன்ஜின் இருக்கு. தண்ணி எறைக்கிறது. மண்ணெண்ணெய்லதான் ஓடும், ஆனா பெட்ரோல் ஊத்துனாத்தான் கெளம்பும். அதுக்காக அப்பப்ப ஒரு பாட்டிலு எடுத்திருக்கேன். பூட்டுப் போடறதுக்கு முன்னாடி. அதனாலதாம்மா அன்னைக்கு வாயே தெறக்கல. கம்பி விஷயத்தைச் சொன்னா விசாரிப்பாங்க, பாட்டிலும் வெளியே வந்துரும்னு பயம்.”

“பாய்க்குத் தெரியுமா?”

“மாத்தலாகிப் போறப்ப காலைப் பிடிச்சுச் சொன்னேன். தெரியும்டான்னாரு. பண்ருட்டிக்கே போயி மச்சான் இன்ஜினைப் பார்த்துட்டு வந்திருக்காரு. அறிக்கை எழுதச் சொல்றதுக்கும் முன்னாடியே. எனக்கு உசுரே போயிடுச்சு. தெரிஞ்சுமா பாய் எனக்காக அவுங்ககிட்ட மல்லுக்கு நின்னீங்கன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னாரு?”

“‘ஒரு பாட்டில் எடுத்தவனை டேங்க் டேங்கா எடுத்தான்னு எழுதச் சொன்னாங்கடா. நீ எடுத்ததுக்கு நான் உன்னை ஒதைப்பேன். எடுக்காததுக்கு எழுதமாட்டேன்’னாரு. சொல்லிட்டு நெஜமாவே ஒரு அறை விட்டாரும்மா.” ரத்தினம் கன்னத்தைத் தொட்டுக்கொண்டான். பிறகு அழுதுவிட்டான். “ஆபீசுல என்னைத் திருடன்னு நெஜமாத் தெரிஞ்சவரு அவரு ஒருத்தருதாம்மா.”

நானும் அங்கேயே நின்று அழுதேன். அவ்வளவு நாளும் பாய் ஒரு நிரபராதியைக் காப்பாற்றினார் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் செய்தது அதைவிடக் கஷ்டமான காரியம்.

இப்போது என் கீழும் சேவிகாக்கள் வேலை செய்கிறார்கள். யாராவது ஒருத்தியைப் பற்றிப் புகார் எழுதிக் கொடுங்கள் என்று மேலிருந்து கேட்டு வருகிறார்கள். அவள் ஒன்றும் செய்யாதவள் என்று நான் நினைப்பதில்லை, ஏதாவது செய்திருப்பாள். எவ்வளவு செய்தாள் என்று பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. கமால் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பிடிவாதம் ஒன்றுதான். தப்புச் செய்கிற சேவிகாக்களோடு நானும் கூட்டு என்று இப்போது ஆபீஸில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.