பக்கத்து அறைச் சொதி

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரே ஃபிளாட்டை இரண்டு குடும்பங்கள் பங்கு போட்டுக்கொண்டு இருந்தோம். ஓர் அறையில் நானும் என் வீட்டுக்காரரும். இன்னோர் அறையில் யாழ்ப்பாணத்துக் குடும்பம்: அக்கா, அவர் கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பெண்கள். அக்காவின் கணவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். குளியலறை ஒன்று, சமையலறை ஒன்று. இப்படி இருக்கிற வீட்டில் பெண்கள் சண்டை போடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நாங்களும் போட்டோம், சொதிக்காக.

நான் திருநெல்வேலிக்காரி. சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் ஊரில் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து. பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் போட்டுத் தேங்காய்ப்பாலில் கெட்டியாக வைத்து, இஞ்சித் துவையலோடு பரிமாறுவார்கள். அக்கா தினமும் காலையில் வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை இவ்வளவோடு தண்ணீராக ஒன்றை இறக்கி, இடியப்பத்தின் மேல் ஊற்றி, அதையும் சொதி என்றார்.

“இது சொதியாக்கா? ஒரு காயக் காணோமே” என்றேன்.

“பிள்ளை, எங்கட வளவில நிண்டது தென்னை. கையில கிடைச்சதைப் பாலில போட்டு இறக்கினம். உங்கட ஊருக்கு வந்த பிறகுதான் அதுக்கு நகைநட்டுப் போட்டிருக்கினம்.”

சொதி இலங்கையிலிருந்துதான் கப்பலேறி வந்தது என்று எங்கள் பக்கத்திலும் சொல்வார்கள். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. விட்டுக்கொடுக்க எனக்கு என்ன தலையெழுத்தா?

ஆனால் அந்த வீட்டுச் சமையலின் உயிர் சொதியில் இல்லை, தூளில் இருந்தது. எங்கள் வீட்டில் சாம்பாருக்கு ஒரு பொடி, மீன் குழம்புக்கு ஒரு பொடி. அக்காவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே தூள்தான். மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் கறுக்க வறுத்து அரைப்பார். கத்தரிக்காயா, மீனா, கிழங்கா, எதுவானாலும் அந்தத் தூள் விழுந்தால்தான் கறி. அக்கா வறுக்கும் வெள்ளிக்கிழமைகளில் எதிர் ஃபிளாட்டு மலையாளிகள் தும்மிக்கொண்டே கதவைச் சாத்துவார்கள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் நான் ஹாலிலேயே வாந்தி எடுத்தேன். அப்போது எனக்கு இரண்டு மாதம் தள்ளிப் போயிருந்தது. அக்கா அடுப்பை அணைத்தார். தரையைத் துடைத்தார். என் முகத்தையும் துடைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு சோறு கொதிக்கிற ஆவி பட்டாலே குமட்டியது. தண்ணீர்கூடத் தங்கவில்லை. எடை இறங்கிக்கொண்டே போனது. இப்படியே போனால் சரிவராது என்று டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார். என் வீட்டுக்காரர் பயந்துபோனார்.

“அடுத்த செக்கப்புக்குள்ள வெயிட் ஏறலன்னா ஊருக்குப் போயிரு. அம்மைகிட்ட இருந்தா தேறிருவ” என்றார்.

போனால் பிள்ளை பெற்று, கைக்குழந்தையோடுதான் திரும்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா போய்விடும். அறையையும் விட்டுவிட்டு அவர் பேச்சலர் ரூமுக்குப் போவார். மறுபடி அறை பிடித்து, விசா எடுத்துக் கூப்பிடுவது எந்தக் காலத்திலோ. தகப்பன் முகம் தெரியாமல் வளரும் பிள்ளைகளை எங்கள் தெருவில் நிறையப் பார்த்திருக்கிறேன். என் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று படுத்துக்கொண்டே அழுதேன்.

மறுநாள் காலையில் அக்கா ஒரு கிண்ணத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

“காய் இல்லாத சொதிதான். நக்கலடிக்காமக் குடியும்.”

குடித்தேன். தங்கியது. மத்தியானம் ஒரு இடியப்பத்தைப் பிசைந்து தந்தார். அதுவும் தங்கியது. பவுடர் பால், டின் பால் எதையும் அவர் நம்பவில்லை. கடைத்தெருவில் தேங்காய் வாங்கிவந்து, ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த திருவலையில் துருவிப் பிழிவார். இரண்டாம் பாலில் எல்லாவற்றையும் அவிய விட்டு, கடைசியில் முதற்பாலை ஊற்றி, நுரை கூடியதும் இறக்குவார். சூடு தணிந்த பிறகுதான் எலுமிச்சை.

அக்கா இல்லாத ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரர் எனக்காகச் சொதியைச் சூடு பண்ணினார். சாம்பார்போல் தளதளவென்று கொதிக்கவிட்டு, அடுப்பில் இருக்கும்போதே எலுமிச்சையையும் பிழிந்துவிட்டார். பால் திரைந்து கட்டிகட்டியாக மிதந்தது. திரும்பி வந்த அக்கா பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்.

“தம்பி, நீர் இனி உந்த அடுப்படிப் பக்கம் வரப்படாது.”

மெல்ல மெல்லக் குமட்டல் குறைந்தது. சமையலறை மணம் என்னை ஒன்றும் செய்யவில்லை. மூக்கு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

செக்கப் முடிந்து திரும்பிய அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. என்னைக் கீழே விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் டியூட்டிக்குப் பஸ் பிடிக்க ஓடினார். நான் படியேறி வந்தால், இரண்டாம் மாடித் திருப்பத்தில் அண்ணன் படியில் உட்கார்ந்து ஒரு பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். பரோட்டாவும் சிவக்கச் சிவக்கக் கோழிக்கறியும். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

“அக்காட்ட சொல்லிப்போடாதேயும், பிள்ளை.”

“வீட்டுல சாப்பாடு இல்லையாண்ணே?”

“கிடக்கு. வெள்ளைக்கறி கிடக்கு. ரெண்டு மாசமா அதுதான் கிடக்கு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “உமக்கு மணம் ஒத்துவரேல்லை எண்டு அண்டைக்கே தூள் போத்தலைக் கட்டி அலுமாரிக்கு மேல வைச்சிட்டா. பிள்ளையள் கேட்டும் எடுக்கேல்ல. நானும் ஒருநாள் கேட்டன். அந்தப் பிள்ளை இஞ்ச நிக்கவேணுமோ போகவேணுமோ எண்டு கேட்டா. பிறகு நான் வாய் திறக்கேல்ல.”

என் மூக்குக்கு ஒன்றும் சரியாகவில்லை. வீட்டில்தான் மணம் இல்லாமல் போயிருக்கிறது. தூள் இல்லாமல் ஒரு யாழ்ப்பாணத்து வீடு இரண்டு மாதம் சோறு தின்றிருக்கிறது. நான் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு அதைத் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கிறேன்.

உள்ளே போனேன். அக்கா பால் பிழிந்துகொண்டிருந்தார்.

“என்ன சொன்னவை?”

“வெயிட் ஏறிருக்காம்க்கா. ஊருக்குப் போக வேண்டாம்.”

“அப்ப சரி. முகத்தைக் கழுவிப்போட்டு வாரும், சாப்பிடுவம்” என்றார், கையை எடுக்காமலே.

சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதேன். மசக்கையில் அழுகிறேன் என்று அக்கா நினைத்துக்கொண்டார். அப்படியே நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

என் மகள் ஷார்ஜாவில் பிறந்தாள். அவளை முதலில் கையில் வாங்கியது அவள் அப்பா.