‘போனாள்’ என்பதற்குப் பின்னால் ஒரு பொடிச்சொல்

மதுரையில் யாரும் போவதில்லை. எல்லாரும் வருகிறார்கள். வெற்றிலைக் கடையில் சில்லறையை வாங்கி மடியில் முடிந்துகொண்டு எதிர்ப்பக்கமாக நடக்கிறவர் ‘வாரேண்ணே’ என்கிறார். மேலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, வண்டி நகர்ந்த பிறகும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ‘வாரேன், வாரேன்’ என்று கத்துகிறார்கள். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாளிடம் ஒருநாள் காலையில் “போறேம்மா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். அந்த அம்மாள் கையிலிருந்த சுளகை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். “என்ன தம்பி, விடிஞ்சதும் விடியாததுமா போறேங்கிறீக! வாரேன்னு சொல்லிட்டு எறங்குங்க சாமி!” நான் திரும்பப் படியேறி, வாரேன் என்று சொல்லிவிட்டு மறுபடி இறங்கினேன். ரங்கூனில் பிறந்து வளர்ந்த மனுசனுக்கு ஒரு வழமுறை தெரியவில்லை என்று அன்றைக்கே தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியவைத்தவள் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

என் மனைவி பேச்சியம்மாள் மேலூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு கப்பலேறி ரங்கூனுக்கு வந்தாள். நான் தாயில்லாமல் வளர்ந்தவன். அப்பாவுக்கு மரக்கிடங்கில் வேலை. தெருவில் கேட்டதெல்லாம் பர்மியும் இந்துஸ்தானியும் தெலுங்கும். என் தமிழ் பாடப்புத்தகத்தில் படித்த தமிழ். வெள்ளைக்காரர்கள் நடத்திய மரக் கம்பெனி ஆபீசில் அவர்களோடேயே பேசிப் பேசி, இங்கிலீஷ் மட்டும் நன்றாக வந்தது. காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது நான் ‘போறேன்’ என்பேன். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

“எம்புட்டுத் தடவ சொல்றது உங்களுக்கு? போறவுக வாரேன்னு சொல்லணும். இருக்கவுக போயிட்டு வாங்கன்னு சொல்லணும்.”

“போகிறவன் வருகிறேன் என்றால் அது பொய்தானே?”

“ஆமா, பொய்தான். சாயங்காலம் வந்து நெசமாக்குங்க.”

இப்போது நான் தெற்குமாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் சாயங்கால வேளையில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். ரங்கூனில் இருந்து தப்பி வந்து எங்கெங்கோ சிதறிக் கிடக்கிற நம்மவர்கள், நான் என்ன ஆனேன் என்று கேட்டால் இதுதான் பதில். யுத்தகாலம், பட்டாள ஆபீசுகளில் குமாஸ்தா வேலை கிடைக்கிறது என்று ஆட்கள் வருகிறார்கள். கோ, வென்ட், கான் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் இலக்கணப் புத்தகத்து இங்கிலீஷ் வேறு, வாயில் புழங்குகிற இங்கிலீஷ் வேறு. விளக்கு ‘எக்ஸ்டிங்விஷ்’ ஆயிற்று என்று எழுதிக்கொண்டு வந்து நீட்டுவார்கள். எந்த வெள்ளைக்காரன் வீட்டில் அப்படிப் பேசுகிறான்? விளக்கு ‘வென்ட் அவுட்’, அணைந்துவிட்டது. பேச்சு ‘வென்ட் ஆன்’, நீண்டுகொண்டே போயிற்று. நொடித்துப்போன கம்பெனி ‘வென்ட் அண்டர்’. குண்டு ‘வென்ட் ஆஃப்’, வெடித்தது. வென்ட் என்பது எல்லாவற்றிலும் ஒன்றுதான். என்ன ஆயிற்று என்று சொல்வது பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற பொடிச்சொல்.

அவனியாபுரத்திலிருந்து வருகிற ராமலிங்கம் எழுந்து நின்றான். “சார், ஆஃப்னா அமந்துபோச்சுன்னுல்ல இருக்கணும்? வெடிச்சதுக்கு எதுக்கு சார் ஆஃப்பு?” வகுப்பே கொல்லென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆஃபை ரங்கூனில் காதால் கேட்டவன் நான். அவனிடம், நம் ஆட்கள் மட்டும் என்ன செய்கிறோம் என்று கேட்டேன். போய்விட்டான், போய்க்கொண்டிருந்தான், போய்த் தொலைந்தான். நாம் வினைக்குப் பின்னால் இன்னொரு வினையை ஒட்டுகிறோம், அவர்கள் பொடிச்சொல்லை ஒட்டுகிறார்கள், பழகினால் வந்துவிடும் என்றேன். “அட, அம்புட்டுத்தானா?” என்று உட்கார்ந்தான். அம்புட்டுத்தான் என்று நானும் சொல்லிவிட்டேன்.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்த பிறகு நாங்கள் இருவரும் மற்றவர்களோடு சேர்ந்து இந்தியாவைப் பார்த்து நடந்தோம். அந்தப் பாதையில் நடந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் ஆகாது. மலையடிவாரத்து முகாமில் பேச்சியம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. நோய்ப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் மட்டும் லாரியில் ஏற்றி அடுத்த முகாமுக்கு அனுப்பினார்கள். ஆம்பிளைகள் நடந்து வரவேண்டும் என்று உத்தரவு. இரண்டு பேர் கைகொடுத்து அவளைத் தூக்கி ஏற்றினார்கள். முக்காட்டை விலக்கி என்னைப் பார்த்து “வாரேன்” என்றாள். “போயிட்டு வா” என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்ட பதிலை அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சொன்னேன்.

அடுத்த முகாமுக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த லாரி எங்கே என்று இங்கிலீஷில் கேட்டேன். ‘சென்ட் ஆன்’ என்றார்கள், மேலே அனுப்பியாயிற்று. அதற்கடுத்த முகாமில் ‘ஹெல்ட் அப்’ என்றார்கள், வழியில் எங்கோ தடைபட்டு நிற்கிறது. அதற்கப்புறம் பாலம் உடைந்து ‘கட் ஆஃப்’, வழி துண்டாகிவிட்டது. கடைசியில் தூக்கமில்லாமல் கண் சிவந்த ஒரு சின்ன வயது வெள்ளைக்காரன், “லாஸ்ட் ட்ராக் ஆவ் தெம்” என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்தான். எங்கே போனார்கள் என்று தெரியவில்லையாம். எல்லாம் நடந்து முடிந்த வினைகள்தான். ஆனால் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒட்டியிருந்த பொடிச்சொல் ஏதோ ஒரு திசையைக் காட்டிக்கொண்டே இருந்தது. செத்ததைச் சொல்லவும் அவர்களுக்கு ஒன்று உண்டு: ‘டைட் ஆவ்’ என்று சொல்லி, பின்னால் காய்ச்சலையோ வேறொன்றையோ வைப்பார்கள். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு கல்கத்தா வந்தேன், ரயிலேறி மதுரை வந்தேன். இன்றைக்கும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அந்த லாரியில் ஏறியவர்கள் யாராவது இதை வாசித்தால் என்னைத் தேடி வாருங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

போன மாசம் அவள் அண்ணன் மாயாண்டி மேலூரிலிருந்து வந்தார். வகுப்பு முடியும்வரை படிக்கட்டில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.

“மாப்ள, சின்னத் தங்கச்சிக்கு ஒரு எடம் வந்திருக்கு. நல்ல எடம். மூத்தவளுக்கு என்னாச்சுன்னு மாப்பிள்ள வீட்ல கேக்குறாக. என்னன்னு சொல்ல?”

“லாரியில் ஏற்றினார்கள் என்று சொல்லுங்கள் மச்சான்.”

“ஏத்துனாக, சரி. அப்புறம்?”

“மேலே அனுப்பினார்கள்.”

“அப்புறம்?”

எனக்குத் தெரிந்த வினையெல்லாம் அத்தோடு தீர்ந்துபோயிற்று. மாயாண்டி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். “இருக்காளா, இல்லையா? இதுல ஒண்ணு சொல்லுங்க மாப்ள. ரெண்டுங்கெட்டானா எம்புட்டு நாளைக்கு வச்சிருக்கிறது? கருமாதியப் பண்ணிப்புட்டா, சின்னவளாவது கரையேறுவா.” சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். கெட்ட மனிதர் இல்லை அவர். தங்கையைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அவரிடம் இங்கிலீஷ் பொடிச்சொல்லை எடுத்துக் காட்டவா முடியும்? சரி என்றேன்.

காரியம் செய்வதென்றால் ஒரு நாள் வேண்டும், எந்த நாளென்று வைப்பது என்று கேட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவளை நான் கண்ணால் கண்ட கடைசி நாளைத் தவிர எனக்கு வேறு நாள் தெரியாது. ‘வாரேன்’ என்று அவள் சொன்ன நாளையே அவள் செத்த நாளாக என் வாயால் சொன்னேன். மாயாண்டி விரல்விட்டு எண்ணி, பஞ்சாங்கம் பார்க்கிறவரிடம் திதி கேட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

போன வாரம் மேலூரில் அவர்கள் வீட்டில் எல்லாம் நடந்தது. மொட்டை அடித்தேன், கண்மாயில் முழுகினேன், சொன்னதையெல்லாம் செய்தேன். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். பேச்சியம்மாளின் தாய் மட்டும் அழவில்லை. கதவுக்கு உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மருமகனோடு நேருக்கு நேர் நின்று பேசாத அத்தை அவர். சாப்பாடு முடிந்ததும் வந்தவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக நடையைக் கட்டினார்கள். மதுரைச் சீமையிலேயே அன்றைக்குத்தான் யாரும் ‘வாரேன்’ என்று சொல்லாமல் போவதைப் பார்த்தேன். துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது. சாவு அந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிடக் கூடாது என்பதற்காக.

அதுவும் எனக்குத் தெரியும். பேச்சியம்மாள் அதையும் சொல்லிக் கொடுத்திருந்தாள், ரங்கூனில் பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்தபோது. நான் எழுந்தேன். வாசலில் நின்று, உள்ளே கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன்.

“வாரேன் அத்தை.”

“ரங்கூன்காரருக்கு நம்ம வழமுறை எங்கிட்டுத் தெரியும், பாவம்” என்று யாரோ முணுமுணுத்தார்கள். மாயாண்டி என் கையைப் பிடித்து, “மாப்ள, இன்னைக்கு இந்த வீட்ல அப்பிடிச் சொல்லக் கூடாது” என்று மெதுவாகச் சொன்னார். தெரியாதவன் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்போது கதவுக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது. காலையிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அது.

“போயிட்டு வாங்க மாப்ள. ரெண்டு பேருமா வாங்க.”

மாயாண்டி என் கையை விட்டுவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு மதுரை பஸ்ஸுக்கு நடந்தேன். கால்தான் மதுரைக்கு நடந்தது. காது இன்னும் அந்த மலையடிவாரத்தில், மேடேறுகிற லாரிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது.