ஒட்டச் சொன்னால் ஓட்டை

முடிச்சூரில் எங்கள் அடுக்ககத்தின் இரும்பு கேட்டுக்கு நேற்று வெல்டிங் அடித்தார்கள். பெயின்ட் கருகிய வாசனை நான்காம் மாடி வரை ஏறியது. உடனே அசோசியேஷன் வாட்சப் குழு பொங்கி எழுந்தது. "கேஸ் லீக்கா?" என்றார் ஒருவர். "குழந்தைகளுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?" என்றார், குழந்தைகள் இருவரையும் அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்ட இன்னொருவர். நான் மட்டும் பால்கனியில் நின்று அந்தப் புகையை ஆசையாக இழுத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

என் முதல் வேலைக்கு இந்த வாசனைதான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு, தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வரும் சாலையில் இருந்த சேகர் மாமாவின் வெல்டிங் கடையில் சேர்ந்தேன். மாமா என் அக்காவின் கணவர். தொழில் உலகம் எனக்காகக் காத்திருப்பதாக நினைத்திருந்தேன். அது என் கையில் ஒரு கம்பி பிரஷைக் கொடுத்து, டிராக்டர் கலப்பையில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டச் சொன்னது. மிச்ச நேரத்தில் மாமாவின் ஊர்க்கதைகளைக் கேட்க வேண்டும். அதற்குச் சுரண்டுவதே தேவலாம்.

கேட், கிரில் அடிக்கிற கடைகள் அப்போதே ஏராளம். அவர்கள் கலப்பையையும் ஒரு கேட்டாகவே பாவித்து, சேற்றின் மேலேயே வெல்டிங் அடித்து, அதன் மேல் வெள்ளிப் பூச்சு பூசி அனுப்புவார்கள். பார்க்க அம்சமாக இருக்கும், நிலத்தில் இறக்காத வரைக்கும். அப்படி ஒட்டி, மறுபடி பிளந்த கலப்பைச் சட்டத்தோடுதான் முனுசாமி அண்ணன் ஒரு காலையில் வந்து இறங்கினார். கூடவே அவர் தம்பி கண்ணன், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில்.

அவர்கள் கதை ஊருக்கே தெரியும். நிலம் இருவருக்கும் பொது. தம்பிக்கு அதைப் பிளாட் போட்டு விற்க வேண்டும், அண்ணனுக்கு மனமில்லை. சொந்தக்காரர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். இந்த மழைக்கு உழுது விதைத்துவிட்டால் விற்கிற பேச்சே கிடையாது. தரிசாகப் போட்டால் அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும். மழை பெய்து மண் பதமாக இருக்கிற நேரம் பார்த்துக் கலப்பை பிளந்துகொண்டது. பாசக்காரத் தம்பி ஒத்தாசைக்கு வந்திருந்தார். கலப்பையை மட்டும் தொடவில்லை.

மாமா பழைய ஒட்டை கிரைண்டரால் வழித்தெடுத்தார். அது வரைக்கும் முனுசாமி பொறுமையாகத்தான் இருந்தார். மாமா டிரில்லை எடுத்து விரிசல் முடிகிற நுனியில் வைத்ததும் குறுக்கே கையை நீட்டிவிட்டார்.

"இன்னாபா பண்ற? ஒட்டச் சொன்னா ஓட்ட போட்றியே."

"நுனில ஓட்ட போட்டாத்தான்ணே விரிசல் அங்கியே நிக்கும். இல்லாங்காட்டி ஒட்டுக்கு அந்தாண்ட ஓடிக்கினே இருக்கும்" என்றார் மாமா.

"ஒடஞ்சதே போதும். நீ வேற தொளைக்காத."

என் டிப்ளமோவுக்கு வேளை வந்துவிட்டதென்று நானும் வாயைத் திறந்தேன். "அண்ணா, அந்த நுனியிலதான் ஸ்ட்ரெஸ் எல்லாம் சேரும்."

"யாருக்குபா ஸ்ட்ரெஸ்ஸு? எனக்கா, இரும்புக்கா?"

நான் பிரஷோடு ஒதுங்கிக்கொண்டேன். அப்போதுதான் கண்ணன் முதல் முறையாக வாயைத் திறந்தார். "அண்ணன் சொல்றது கரெக்ட்டு. ஓட்டல்லாம் வாணாம். சும்மா மேலாக்க அடிச்சு குடு, போதும்."

முனுசாமி மெதுவாகத் திரும்பித் தம்பியைப் பார்த்தார். அண்ணன் சொன்னது சரி என்று கண்ணன் ஒப்புக்கொண்டதாக அந்தக் குடும்பத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

"போடுபா ஓட்ட" என்றார் மாமாவிடம். "இன்னும் ரெண்டு வோணும்னாலும் போட்டுக்கோ."

ஓட்டை போட்டு, ஒட்டி, மேலே ஒரு இரும்புப் பட்டையும் வைத்து அடித்தோம். சீக்கிரம் ஆறட்டுமே என்று கண்ணன் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். சூட்டில் தண்ணீர் பட்டால் மறுபடி பிளக்கும் என்று மாமா கத்தினார். முனுசாமி கலப்பைக்குக் காவலாக அங்கேயே குந்திக்கொண்டார். ஒட்டு நின்றது. நிலத்தை உழுதார், விதைத்தார், அறுத்தார்.

சுபம் போட்டுவிடலாம்தான். ஆனால் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக விற்றார்கள். நகர் நகராகப் பெயர்ப்பலகை முளைத்தது. சாலை போடுகிற ஜோரில் வாய்க்காலை மூடினார்கள். அதற்கு ஒரு திறப்பு விழாவும் நடந்தது. முனுசாமியின் நிலத்தில் விழுந்த மழை வெளியேற வழியில்லாமல் அங்கேயே நின்றது. ஏரியில் எந்தக் கலப்பை உழும், நீங்களே சொல்லுங்கள். கண்ணன் வற்புறுத்தவே தேவையில்லாமல் போயிற்று. அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

பிறகு ஒரு நாள் அதே கலப்பையோடு கடைக்கு வந்தார். முழுதாகக் காயலான் கடைக்கு ஏற்ற முடியாது, துண்டு போட்டுக் கொடு என்றார். மாமா சாக்பீஸால் கோடு போட்டார். கோடு சரியாகப் பழைய ஒட்டின் மேல் விழுந்தது.

"அங்க வாணாம்பா" என்றார் முனுசாமி. "ஒட்டுன எடம் நல்லா கீது. வேற எங்கனா வெட்டு."

மாமா கோட்டை அழித்துத் தள்ளிப் போட்டார். அடுத்த மழைக்கு எங்கள் கடைக்கு ஒரு கலப்பைகூட வரவில்லை.