றாகேல் கொடுத்த தண்ணீர்

றாகேல் கொதிநீரில் ஆளிவிதை மாவைக் கொட்டி, கட்டி படாமல் கிண்டினாள். களி பதமானதும் துணியில் விரல் தடிப்புக்குப் பரப்பி, தன் முழங்கையின் உட்பக்கத்தில் வைத்துச் சூடு பார்த்தாள். பொறுக்கிற சூடுதான். கொண்டுபோய் ஆறாம் கட்டிலில் கிடந்த குணலட்சுமியின் முதுகில் வைத்துக் கட்டினாள். அளவெட்டிப் புகையிலைக்காரர் வீட்டு மருமகள், வயது இருபத்திரண்டு. நியுமோனியாக் காய்ச்சல், அன்று ஒன்பதாம் நாள். அந்த நாளில் காய்ச்சல் ஆளை விடும், அல்லது ஆளைக் கொண்டுபோகும்.

அது 1931ஆம் ஆண்டு, வலிகாமத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. பன்னிரண்டு தாதிமாரில் கள்ளிறக்கும் குடும்பத்திலிருந்து வந்தவள் றாகேல் ஒருத்திதான். அவளும் கமலாவதியும் ஒரே நாளில் சோதனை எழுதினார்கள். றாகேலுக்குப் பத்துப் புள்ளி கூட. கமலாவதிக்கு மறுநாளே வேலை நிரந்தரமானது. றாகேலை ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் என்றார்கள். நோயாளி பக்கத்திலிருந்து ஒரு முறைப்பாடு வந்தாலும் வேலை இல்லை. ஆறு மாதம் முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது.

தலைமைத் தாதி பத்மாசினி றாகேலுக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தாள். மருந்து கொடுக்கலாம், மருந்துக்குத் தீட்டில்லை. தண்ணீர் கொடுக்கக் கூடாது. நோயாளி தண்ணீர் கேட்டால் வேறு ஆளைக் கூப்பிட வேண்டும். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து மூன்றரை வருடமாக றாகேல் அப்படித்தான் கூப்பிட்டு வந்தாள்.

அன்று பின்னேரம் குணலட்சுமிக்கு வியர்த்துக் கொட்டத் தொடங்கியது. மாமியார் பராசக்தி மாற்றுச் சேலை எடுக்க வீட்டுக்குப் போயிருந்தாள்.

"தண்ணி..."

றாகேல் கமலாவதியைக் கூப்பிட்டாள். "கைவேலையாய் நிக்கிறன், பொறு," என்று வராந்தாவிலிருந்து குரல் வந்தது. இரண்டாம் முறை கூப்பிட்டபோது அதுவும் வரவில்லை. நாடியைப் பிடித்துப் பார்த்த றாகேல், கட்டிலருகே இருந்த பராசக்தியின் தண்ணீர் குடிக்கும் வெண்கல மூக்குப்பேணியை எடுத்து, ஆறவைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். பொழுதுபடுவதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது.

திரும்பி வந்த பராசக்தி மருமகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து மலர்ந்துபோனாள்.

"உன்ரை கை ராசியான கை, மோனை. எவடம் நீ? ஆற்றை பிள்ளை?"

"மிஷன் பிள்ளை, அம்மா."

"அதுக்கு முன்னம் ஒரு வீடு வாசல் இருந்திருக்குமே?"

பக்கத்துக் கட்டிலில் போர்வை மடித்துக்கொண்டிருந்த கமலாவதி சிரித்தாள். "உங்கடை ஊர்ப் பனையளைக் கேளுங்கோ, மாமி. இவவின்ரை அப்புவை அதுகளுக்கு வடிவாத் தெரியும்."

பராசக்தி கத்தவில்லை. பேணியைப் பார்த்தாள். வைத்த இடத்தில் அது இல்லை.

"இதிலை ஆர் தண்ணி குடுத்தது?"

"நான்தான். நாக்கு வறண்டு கிடந்தவ."

"பேணியைப் புளி போட்டு மினுக்கலாம்," என்றாள் பராசக்தி. "பிள்ளையை என்ன செய்யிறது?"

பத்மாசினி ஓடி வந்தாள். "நாளைக்கு விடிய தீட்டுப் போக முழுக வாத்துப்போட்டுத்தான் இவளுக்கு இனிச் சாப்பாடு," என்று பராசக்தி அவளிடம் சொல்லிவிட்டாள். றாகேல் பத்மாசினியைத் தனியே அழைத்தாள்.

"அக்கா, ரண்டு நாளைக்கு அவவைக் கட்டிலாலை எழுப்பவே கூடாது. குளிர்தண்ணி பட்டால் ஆள் தப்பாது."

"நீ எனக்குப் படிப்பிக்கிறியோ? உன்னாலை வந்த வினை. போ, பிரசவ வார்டைப் பார்."

விடிய ஐந்தரைக்கு வேலைக்கு வந்த றாகேலுக்குக் கிணற்றுக் கப்பியின் சத்தம் கேட்டது. ஓடினாள். உறவுக்காரிகள் இருவர் குணலட்சுமியைக் கைத்தாங்கலாகத் துவைகல்லில் இருத்தியிருந்தார்கள். பராசக்தி மூன்றாவது வாளியைத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கமலாவதி துவாயோடு நின்றாள். றாகேல் வாளியைப் பறித்தாள்.

"ஐயோ, உவள் கிணத்து வாளியைத் தொட்டிட்டாள்!"

எல்லோரும் வாளியைத்தான் பார்த்தார்கள். குணலட்சுமியின் தலை ஒரு பக்கம் சாய்ந்ததைப் பிறகுதான் கண்டார்கள். மத்தியானத்துக்கு முன் அவள் செத்துப்போனாள்.

முறைப்பாட்டைப் பத்மாசினியே எழுத, பராசக்தி கைநாட்டு வைத்தாள். பேணியில் தண்ணீர் கொடுத்தது ஒன்று, வாளியைத் தொட்டது மற்றொன்று. முழுக வார்த்தது அதில் இல்லை. ஆஸ்பத்திரியை நடத்திய வெள்ளைக்கார மிசியம்மா அதை இரண்டு முறை வாசித்தார்.

"எனக்குச் சாதி பேதம் இல்லை, றாகேல். ஆனால் நோயாளிகள் வராவிட்டால் ஆஸ்பத்திரி இல்லை."

"குளிரிலை முழுக வாத்ததை ஒருத்தரும் எழுதேல்லையே, அம்மா?"

"அது அந்தக் குடும்பத்தின் துக்கம். நாம் அதைக் கிளறக் கூடாது."

மறுநாள் காலை நான்கு ஆட்கள் கிணற்றை அடிவரை இறைத்துச் சுண்ணாம்பு போட்டார்கள். கூலி ஆஸ்பத்திரியுடையது. றாகேல் இரண்டு தொப்பியும் மூன்று மேலங்கியும் ஒப்படைத்தாள். தன் விருப்பத்தின்பேரில் விலகுவதாக ஒரு கடதாசியைப் பத்மாசினி அவள் முன் வைத்தாள். கையெழுத்துப் போடாவிட்டால் சோதனைச் சான்றிதழ் தரமாட்டார்கள். றாகேல் போட்டாள். சான்றிதழை வாங்கி, பெயர் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து, நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.