இருட்டைத் திட்டுகிறவர்கள்

மின்சார அலுவலகத்தில் புகார் போன் எடுப்பது அவள் வேலை. பதினோரு வருடமாக, கரண்ட் போன வீடுகளின் கோபமெல்லாம் முதலில் அவள் காதில்தான் வந்து விழுந்தது. ஆரம்பத்தில் கழிவறைக்குள் போய் அழுவாள். பிறகு அழுகையும் நின்று, மனசு மரக்கட்டையாகிவிட்டது. வீட்டில் யாராவது கூப்பிட்டால்கூட, "புகாரைச் சொல்லுங்க" என்பாள்.

அப்படிச் சொன்ன ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி துவைத்துக்கொண்டிருந்த நாத்தனார் சிரித்துவிட்டாள். "அண்ணி, நான் கரண்ட்டா கேட்டேன்? சோப்புதானே கேட்டேன்!" பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவங்க உங்களையா திட்டுறாங்க? இருட்டைத் திட்டுறாங்க. கேக்குறதுக்கு நீங்க இருக்கீங்க, அவ்வளவுதான்."

அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. ஆனாலும் மறுநாள் ஒருவர், "செத்தா போயிட்டீங்க எல்லாரும்?" என்று கத்தியபோது, 'இருட்டைத்தான் திட்டுகிறார்' என்று உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தாள். "வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டாள்.

அவர் குரல் தழுதழுத்தது. "அப்பாவுக்கு மூச்சு மெஷின் ஓடணும்மா. பேட்டரி அரை மணி நேரம்தான் தாங்கும்."

லைன்மேனை முதலில் அந்தத் தெருவுக்கு அனுப்பினாள். இருபது நிமிடத்தில் கரண்ட் வந்தது. அவர் திரும்பக் கூப்பிட்டு நன்றி சொல்லவில்லை. அவளுக்கும் சந்தோஷம் ஒன்றும் பொங்கிவிடவில்லை.

அன்று மாலை சாப்பாட்டில் கை வைத்தவள், "உப்பே இல்லையே" என்றாள்.

நாத்தனார் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணனுக்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி மூணு மாசமாச்சு. உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியுதா அண்ணி?"

அவள் எழுந்துபோய் உப்பு டப்பாவை எடுத்து வந்தாள்.