அழித்தவளுக்கு எத்தனை மார்க்?

அந்த விதியைப் போட்டது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. ஈப்போவில் நான் மென்பொருள் பாடம் நடத்தும் பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் நான்கு நான்கு பேராகச் சேர்ந்து ஒரு செயலி செய்ய வேண்டும். யார் உழைத்தார், யார் ஓசியில் ஒட்டிக்கொண்டார் என்று கண்டுபிடிப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஒருவருக்கொருவர் மார்க் போடச் சொன்னால் எல்லாருக்கும் அஞ்சுக்கு அஞ்சு. மச்சானை மச்சான் காட்டிக் கொடுப்பானா? அதனால் யார் எத்தனை வரி எழுதினார் என்று எண்ணிச் சொல்ல ஒரு சின்ன நிரல் எழுதி வைத்தேன். குழுவின் மொத்த வரிகளில் பத்து விழுக்காட்டுக்குக் கீழே போனால் ஃபெயில். பேச்சே கிடையாது.

இந்தத் தவணை அதில் மாட்டியது பாகான் செராயிலிருந்து வந்த ஒரு பெண். மூன்று பையன்களோடு சேர்ந்து, லூமுட் படகுத்துறையில் டிக்கெட் விற்க ஒரு செயலி செய்திருந்தாள். பையன்கள் ஆளுக்கு இரண்டாயிரம் வரி. அவள் நாற்பது. திங்கட்கிழமை பினாங்கில் அவள் வேலைக்குச் சேர வேண்டும். இந்தப் பாடத்தில் தேறினால்தான் அந்த வேலை.

"நாப்பது வரியா? ஒரு செமஸ்டர் பூரா என்னம்மா செஞ்சே?" என்று மதிப்பீட்டு அறையில் பொரிந்து தள்ளினேன்.

அவள் மெதுவாக, "அழிச்சேன், மிஸ்," என்றாள்.

"இவ அழிக்கலன்னா ஆப் ஓடியே இருக்காது லா, மிஸ். சத்தியமா," என்றான் ஒரு பையன்.

"ஆமா, நீங்கதான் எல்லாருக்கும் அஞ்சு போடுற ஆளுங்களாச்சே!"

என்னோடு மார்க் போட உட்கார்ந்திருந்த மூத்த விரிவுரையாளர் பேனாவைத் திறந்தார். "உங்க விதிதானே மேடம்? ஃபெயில்னு எழுதிரவா?"

எழுதுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அழித்தேன் என்று அவள் சொன்னது உறுத்தியது. என் நிரல் சேர்த்த வரிகளை மட்டும்தான் எண்ணும். அழித்ததை எண்ண நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை! அடி மடச்சி என்று என்னையே திட்டிக்கொண்டேன். என் அம்மா ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அங்கே பாலை நிறுப்பதோடு விடமாட்டார்கள். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதித்தும் பார்ப்பார்கள். நான் நிறுத்ததோடு சரி.

"பொறுங்க சார். இவ செஞ்சத மட்டும் நீக்கிட்டு ஓட்டிப் பாப்போம்."

செய்த மாற்றமெல்லாம் பதிவில் இருக்கும் என்பதால் அது சுலபமான வேலை. இரண்டு மடிக்கணினிகளை இரண்டு டிக்கெட் கவுண்டர்களாக வைத்தோம். மூத்தவர் ஒன்றில் ஏழாம் இருக்கையை வாங்கினார். நான் மற்றதில் அதே இருக்கையைக் கேட்டேன். எனக்கும் கொடுத்தது!

"ஐயையோ, யாரு மடியில யாரு உக்காறது?" என்றான் ஒருவன். அறையே சிரித்தது.

மூன்று பையன்களும் இருக்கை விற்பதைத் தனித்தனியாக எழுதி வைத்திருந்தார்கள். ஒருவன் விற்றது மற்றவனுக்குத் தெரியாது. அவள் இரண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லாக் கவுண்டரையும் மிச்சமிருந்த ஒன்றோடு இணைத்திருக்கிறாள். அவள் வேலையைத் திரும்பச் சேர்த்து மறுபடி ஏழாம் இருக்கையைக் கேட்டேன். விற்றாகிவிட்டது, வேறு பாருங்கள் என்றது. நான் மேசையைத் தட்டிய தட்டில் தேநீர் சிந்தியது.

"ஃபெயில்னு எழுதத்தான் போறேன் மேடம்," என்று சிரித்தார் மூத்தவர். "உங்க விதிக்கு."

எழுதட்டும். அவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதே இல்லை. "மன்னிச்சிரும்மா, தப்பு என்னோடது," என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அந்த வகுப்பிலேயே அதிக மார்க் அவளுக்குத்தான். அந்தக் குழு ஒருவருக்கொருவர் போட்டிருந்த அஞ்சுக்கு அஞ்சையும் அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

அறைக்குள் முணுமுணுத்த பிள்ளை, வெளியே போனதும் கைப்பேசியில் போட்ட சத்தம் மாடி முழுக்கக் கேட்டது.

"அப்பா! திங்கக்கெழம வேலைக்குப் போறேன்பா!"