பில் மெஷின் கூட்டுக்குள் பிறெடியின் குரல்

யாராவது ஏதாவது கேட்டால் நேசமலர் முதலில் பிறெடியின் முகத்தைப் பார்ப்பாள். கொட்டாஞ்சேனையில் அவர்கள் குடியிருக்கும் ஒழுங்கையில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மீன்காரன் வாசலில் நின்று, "அக்கா, பாரை இருக்கு, வேணுமா?" என்று கேட்டால் அவள் உள்ளே திரும்பிப் பார்ப்பாள். உள்ளேயிருந்து பிறெடிதான், "நேத்தையதா இண்டையதா எண்டு முதல்ல சொல்லு" என்று குரல் கொடுப்பார். கல்யாணத்தன்று தேவாலயத்தில் சுவாமியார் சம்மதமா என்று கேட்டபோதும் அவள் மாப்பிள்ளையைத்தான் பார்த்தாள். "அத நீதான் சொல்லோணும்" என்று அவர் மெதுவாகச் சொன்னது முன்வாங்கில் இருந்தவர்கள் வரைக்கும் கேட்டுவிட்டது. ஆட்கள் சிரித்ததை அவள் இன்னும் மறக்கவில்லை.

படிப்பை இடையில் விட்டவள். தையல் பழகி, வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுத்தாள். அளவெடுக்க வரும் பெண்களோடும் பேச்சு அதிகமில்லை. கையைத் தூக்குங்கோ, திரும்புங்கோ, அவ்வளவுதான். வீட்டில் பேசும் வேலை பிறெடியுடையது. வெள்ளவத்தையில், காலி வீதியில், பலீல் முதலாளியின் மின்சாரச் சாமான் கடையில் அவர் கௌண்டரில் நின்றார். ஒரு பிளக் வாங்க வந்தவனை மின்விசிறியோடு அனுப்பக்கூடிய வாய். தமிழிலும் சிங்களத்திலும் தேவைப்பட்டால் கொஞ்சம் இங்கிலிஷிலும் அது ஓடும்.

அந்தத் தொண்டையில்தான் புற்று வருத்தம் வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் மிஞ்சும் என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். ஒப்பரேஷனுக்கு முன்னால், பக்கத்துக் கடையில் கம்பியூட்டர் திருத்தும் நபீஸ் வந்து, "அண்ணன், ஒங்கட குரல இப்பயே பிடிச்சு வெப்பம்" என்றான். பழைய கணினி ஒன்றைக் கொண்டுவந்தான். அகராதி ஒன்றைப் படுக்கவைத்த அளவுதான் இருக்கும். பிறெடி சொன்னதையெல்லாம் அதில் பதிந்து, விசைப்பலகையில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு வசனம் வரும்படி செய்தான். கட்டைகளின் மேல் கடதாசித் துண்டுகளை ஒட்டினான்.

அவர் ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த பிறகுதான் நேசமலருக்கு விஷயம் விளங்கியது. பதிந்தது அத்தனையும் கடை வசனம். "மொகக்த ஓனே, மல்லி?" என்று என்ன வேணும் தம்பி என்பதைச் சிங்களத்தில் கேட்பது. "வொரண்டி ஒரு வருஷம்." "இதுதான் கடைசி விலை." "பொறுங்க, உள்ள பாத்திட்டு வாறன்." அவளுடைய பெயர் ஒரு கட்டையிலும் இல்லை.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஆனால் அவள் கட்டைகளைத் தேடியதைப் பிறெடி பார்த்துவிட்டார். ஒரு துண்டில் எழுதிக் காட்டினார்: "வீட்டில எனக்கு என்னத்துக்குக் குரல்? நீதான் முகத்தப் பாத்தே எல்லாம் விளங்குவியே." நேசமலர் அதை வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய் வெகுநேரம் வெங்காயம் வெட்டினாள்.

பிறகு அதுவே பழகிவிட்டது. "சோறு போடட்டா?" என்று கேட்டால், "எத்தன வேணும்?" என்று பெட்டி கேட்கும். "பருப்பு அடிப்பிடிச்சிட்டுது" என்றால், "அது கம்பனிப் பிழை, எங்கட பிழையில்ல" என்று பெட்டி சொல்லும். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவர் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரிப்பார். கழுத்துத் துளையை மறைக்க அவள் தைத்துக் கொடுத்த துணி மட்டும் ஏறி இறங்கும்.

பிறெடி திரும்பவும் கடைக்குப் போக ஆசைப்பட்டார். பலீல் முதலாளி முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது.

"வயரும் பெட்டியும் ஸ்பீக்கருமா கௌண்டர்ல வெக்கேலாது பிறெடி. ஆக்கள்ட கை படும், புள்ளைகள் இழுக்கும். கண்ணாடியையும் ஒடைக்கேலாது. அந்தப் பில் மெஷின் குழியில அடங்கினா வெச்சிக்கங்க."

கௌண்டர் கண்ணாடியின் நடுவில், பழைய பில் மெஷின் உட்கார்ந்திருந்த சதுரக் குழி ஒன்று இருந்தது. மெஷின் எப்போதோ செத்துப்போய், அதன் தகரக் கூடு மட்டும் கடையின் பின்னால் கிடந்தது. மேலே கட்டைகள் வைக்க இடம், முன்னால் பில் கடதாசி வெளியே வருகிற வாய், பின்னால் வயர் போக ஓட்டை. அந்தக் கூட்டுக்குள் கணினியின் உறுப்புகள் போய்விட்டால் குழியில் கச்சிதமாக உட்காரும். போகாவிட்டால் நுகேகொடையிலிருந்து வேறொரு ஆள் வேலைக்கு வருவான்.

போன் இருக்கிறதே என்று ஒழுங்கையில் கேட்டார்கள். அதையும் பார்த்தார்கள்தான். தேடி எடுத்து அழுத்துவதற்குள் வந்தவன் அடுத்த கடைக்குப் போய்விடுவான். அழுத்தினாலும் காலி வீதி பஸ் இரைச்சலில் அந்தச் சத்தம் எடுபடாது.

நபீஸ் கூட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தான். திட்டம் போடுகிற வேலையை நேசமலர் எப்படித் தன் கைக்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கணினியின் மேல்மூடியைக் கழற்றச் சொல்லி, நாடாவால் ஒவ்வொன்றையும் அளந்தாள். மண்ணிறக் கடதாசியில் போர்டுக்கு ஒரு துண்டு, ஸ்பீக்கருக்கு ஒரு துண்டு, கரண்ட் பெட்டிக்கு ஒரு துண்டு என்று வெட்டிக் கூட்டுக்குள் பரப்பினாள். தையலுக்கு விடுவதுபோல் சுற்றிவர அரை இஞ்சு விட்டாள். ஸ்பீக்கர் பில் வருகிற வாய்க்குப் பின்னால். கரண்ட் பெட்டி மூலையில். மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் ஒன்றும் ஒன்றின்மேல் ஏறாமல் படுத்தது.

"அக்கா கொம்பியூட்டருக்கும் பிளவுஸ் அளவுதான் எடுக்கிறா" என்று நபீஸ் சிரித்தான்.

பிறெடி ஒரு கட்டையை அழுத்தினார். "பாத்து எடுங்க, வித்த சாமான் திருப்பி எடுக்கமாட்டம்."

பௌர்ணமிப் போயா தினத்தில் கடை பூட்டு. பலீல் முதலாளி கதவைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே ஸ்டூலில் இருந்தார். நேசமலர் கணினியைச் சேலைத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"இண்டைக்கு முடியோணும் தங்கச்சி" என்றார் முதலாளி. "நாளைக்குக் காலையில நுகேகொட ஆள் வாறான். இது சரிவந்தா அவன வேணாம் எண்டு அனுப்புவன். சரிவராட்டி நான் என்ன செய்ய, கடைய நடத்தத்தானே வேணும்."

நபீஸ் கணினியைக் கௌண்டரில் வைத்து, தான் கொண்டுவந்த திரையை மாட்டி, பென் டிரைவ் ஒன்றைச் செருகினான். குரலைப் பிரதி எடுத்த பிறகே போர்டைக் கழற்றுவது என்று பேச்சு. திரையில் ஒரு கோடு ஓடி முடிந்தது. "எடுத்தாச்சு" என்று பென் டிரைவைப் பிடுங்கி மேசையில் போட்டுவிட்டுத் திருப்புளியைக் கையில் எடுத்தான்.

நேசமலர் பென் டிரைவையே பார்த்தாள். அடுத்த வீட்டுக் கல்யாணப் படங்களை இதே நபீஸ் பிரதி எடுத்தபோது, தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடியும் வரைக்கும் அந்தக் கோடு ஊர்ந்தது அவளுக்கு ஞாபகம். இது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. பழக்கத்தில் பிறெடியின் பக்கம் திரும்பினாள். அவர் குழிக்குள் கையை விட்டுத் தூசி துடைத்துக்கொண்டிருந்தார்.

"நபீஸ் தம்பி."

"என்ன அக்கா?"

"அத ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ."

"எத?"

"அந்தச் சின்னதில இருக்கிறத."

"பாத்தீங்கதானே, எல்லாப் பேரும் வந்திருக்கு."

"பேர் வந்திருக்கு. எனக்குக் கேக்கோணும்."

முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார். "புள்ள, அஸர் தொழுகைக்கு நான் பள்ளிக்குப் போகோணும். அவனுக்குத் தெரியாததா?"

நேசமலரின் காது சூடாகிவிட்டது. சரி என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. ஆனால் திருப்புளி முதல் ஆணியில் போய் நின்றதைக் கண்டதும் அவள் கை தன்பாட்டில் நீண்டு கணினியின் மேல் படிந்தது. "கேட்டாப் பிறகு கழட்டுங்கோ" என்றாள்.

நபீஸ் பெருமூச்சு விட்டு, பென் டிரைவைத் தன் மடிக்கணினியில் செருகினான். முதல் பெயரை அழுத்தினான். ஒன்றும் வரவில்லை. அடுத்ததையும் அழுத்தினான். அதற்கடுத்ததை அழுத்தும்போது அவன் முகம் மாறிவிட்டது.

"ஷோர்ட்கட் மட்டும்தான் வந்திருக்கு" என்றான் மெதுவாக. "பெயர்ப்பலகை மாதிரி. கடை அதுக்குள்ள இல்ல."

பிறெடி நிமிர்ந்து பார்த்தார். துடைத்த துணி கையிலேயே இருந்தது. நபீஸ் திருப்புளியை வைத்துவிட்டு, உண்மையான பதிவுகள் இருந்த இடத்தைத் தேடிப் பிடித்து மறுபடி பிரதி எடுத்தான். இந்த முறை கோடு ஊர்ந்தது. முதலாளி தொழுதுவிட்டுத் திரும்பி வந்தபோதுதான் முடிந்தது. மடிக்கணினியிலிருந்து பிறெடியின் குரல், "இதுதான் கடைசி விலை" என்றது. நேசமலர் பென் டிரைவைத் தானே எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

அதற்குப் பிறகு வேலை சுறுசுறுப்பாக நடந்தது. போர்டைக் கழற்றிக் கூட்டுக்குள் இறக்கினார்கள். நீளமும் அகலமும் நூல் பிசகவில்லை. ஸ்பீக்கர் வாய்க்குப் பின்னால் பொருந்தியது. ஆனால் கட்டைகளோடு மேல்மூடியை வைத்தபோது அது ஒரு விரல் உயரத்தில் நின்றது.

போர்டின் மேல் விசிறி எழும்பி நின்றதை அவள் அளக்கவில்லை. அவள் கைக்குப் பழக்கம் துணி. துணியைப் படுக்கப்போட்டு வெட்டினால் போதும், எழுப்பமும் பள்ளமும் உடம்புக்காரியின் பாடு. தகரம் அப்படி வளைந்து கொடுக்காது. நபீஸும் கடதாசி படுத்த அழகைப் பார்த்து, உயரத்தைப் பற்றி நினைக்காமல் விட்டிருந்தான்.

"விசிறியக் கழட்டினா?" என்று கேட்டார் முதலாளி.

"சூடாகி எரிஞ்சிரும் முதலாளி."

"அப்ப கொஞ்சம் அமத்திப் பாப்பம். எத்தின பில் மெஷின் பூட்டியிருக்கன்." அவர் எழுந்து உள்ளங்கையை மூடியின் மேல் வைத்தார்.

"வேணாம்" என்று நேசமலர் சொன்னாள். அது முதலாளியின் காதுக்குப் போகவில்லை. பொத்தான் ஒன்று உடைகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் மட்டும் எல்லோருக்கும் கேட்டது.

நபீஸ் மூடியை எடுத்து, கரண்ட் கொடுத்தான். பச்சை வெளிச்சம் ஒருமுறை வந்து போனது. பிறகு வரவேயில்லை.

"நான் மெல்லமாத்தானே..." என்று முதலாளி கையைப் பின்னால் வைத்துக்கொண்டார்.

பிறெடி கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். டக், டக் என்ற சத்தம்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதையும் விட்டுவிட்டு, கழுத்துத் துணியைப் பிடித்தபடி வயர்ச் சுருள்களின் மேல் உட்கார்ந்தார்.

"போர்ட் போச்சு" என்றான் நபீஸ். "உயரம் குறைஞ்ச இன்னொண்டு தேடோணும். எப்ப கிடைக்கும் எண்டு சொல்லேலாது."

முதலாளி பிறெடியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பிறெடி, கோவிக்காதீங்க. என்ட கையாலதான் போச்சு, இல்லெண்டு சொல்லல்ல. ஆனா நாளைக்குக் கடை திறக்கோணுமே."

அந்த நேரத்தில் நேசமலர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. கண்ணாடிக்குக் கீழே அடுக்கியிருந்த பிளக்குகளைப் பார்த்தபடி சொன்னாள்: "நான் நிக்கிறன் முதலாளி. அடுத்த போர்ட் வரும் வரைக்கும். அவர் சாமான் எடுத்துக் காட்டட்டும், நான் சொல்றன்."

"நீங்களா?" முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒங்கட சத்தத்த நான் கல்யாணத்திலயே கேக்கல்லயே. சிங்களத்துக்கு என்ன செய்யப்போறீங்க?"

"நாள் முழுக்க அதத்தானே வீட்டில கேட்டனான்."

"எங்க, ஒண்டு சொல்லுங்க பாப்பம்."

வீதியில் ஒரு பஸ் போய் முடியும் வரை பொறுத்தாள். "மொகக்த ஓனே, மல்லி?"

"இன்னுங் கொஞ்சம் சத்தமா."

அவள் திரும்பச் சொன்னாள். முதலாளி நாடியைச் சொறிந்தார். பிறகு போனை எடுத்து, நுகேகொடை ஆளுக்கு இந்தக் கிழமை முழுக்க வரவேண்டாம் என்று சொன்னார். இந்தக் கிழமை என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார்.

மறுநாள் காலையில் முதலில் வந்தவர் கேட்டது அவள் மனப்பாடத்தில் இல்லாத ஒரு சாமான். அவள் விழித்தாள். பிறெடி பின்னால் போய்த் தட்டில் தேடுவதற்குள் வந்தவர் சலித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பின்னால் வந்த பெண், "இவருக்குத்தான் பேச வராது, உங்களுக்குமா?" என்று கேட்டாள். நேசமலர் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, திரும்ப வந்து நின்றாள். முதலாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னேரம் பூட்டும்போது, "நாளைக்கும் வாங்க" என்று மட்டும் சொன்னார்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோர், அலுவலக வேலைக்கு உதவாதென்று கழித்துவிட்ட கணினிகளுக்குள் உயரம் குறைந்த போர்டு ஒன்று நபீஸுக்குக் கிடைத்தது. இந்த முறை நேசமலர் கடதாசி வெட்டவில்லை. பழைய அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒட்டி, உயரத்தோடு செய்து வைத்துப் பார்த்தாள். மூடி பூட்டியது. அவள் கைப்பையிலிருந்த பென் டிரைவிலிருந்து நபீஸ் குரலை அதில் ஏற்றினான்.

இப்போது பில் மெஷின் கூடு குழிக்குள் இருக்கிறது. வெயில் ஏறினால் அது சூடாகிவிடும். அப்போது கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பார்கள். பின்னேரங்களில் பிறெடி தனியே நிற்கிறார். காலையில் ஆட்கள் கட்டையில் இல்லாத கேள்விகளைக் கேட்பதால் நேசமலரும் கூட வந்து நிற்கிறாள். தையலை மத்தியானத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்கிறாள். நுகேகொடை ஆளை முதலாளி இன்னும் கூப்பிடவில்லை. குரலின் பிரதி ஒன்று அவருடைய இரும்பு அலுமாரிக்குள் பூட்டியிருக்கிறது.